குழந்தையிலிருந்து எவ்வளவு தொலைவில்? மழலையர் கல்வியின் பணிகளும் அமைப்புகளும்

மழலையர் கல்வி படிக்க வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே ஒரு வேலையை மனத்தில் வைத்துக்கொண்டு வருகிறார்கள். மூன்று, நான்கு வயதுக் குழந்தைகள் சூழ்ந்திருக்க, பாட்டும் கதையும் விளையாட்டுமாகக் கற்றுக்கொடுக்கும் வகுப்பாசிரியர் வேலைதான் அது. அந்த வேலையே இத்துறையின் உயிர்நாடி என்பதில் எனக்கு எந்த ஐயமும் இல்லை. ஆனால் அது மட்டுமே துறை என்று எண்ணிக்கொள்வதால், சில ஆண்டுகள் கழித்து முழங்காலும் தொண்டையும் களைத்துப்போகும் ஒரு கட்டத்தில், வேறு வழியே இல்லை என்று முடிவுசெய்து நல்ல ஆசிரியர்கள் துறையைவிட்டே போய்விடுகிறார்கள். புதிதாக வரும் ஆசிரியர்களுக்கு வழிகாட்டும் பொறுப்பில் இருப்பதால், "இதற்கு அடுத்து என்ன செய்யலாம்?" என்ற கேள்வியை நான் அடிக்கடி எதிர்கொள்கிறேன். ஒவ்வொருவரிடமும் துண்டு துண்டாகச் சொல்லிவந்ததை இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

பணியைத் தேர்ந்தெடுக்கும்போது சம்பளம், பட்டம், பதவி ஆகியவற்றைப் பற்றி எல்லோரும் யோசிக்கிறார்கள்; யோசிக்கத்தான் வேண்டும். அவற்றுக்கெல்லாம் முன்னதாக ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுமாறு நான் சொல்வதுண்டு: குழந்தையிலிருந்து எவ்வளவு தொலைவில் இருந்து வேலை செய்ய விரும்புகிறீர்கள்? குழந்தையோடு தரையில் உட்கார்ந்து செய்யும் வேலை உண்டு. குழந்தையின் பெற்றோரோடு செய்யும் வேலை உண்டு. ஆசிரியருக்குத் துணையாக நின்று செய்யும் வேலையும், எந்தக் குழந்தையையும் நேரில் பார்க்காமலே பல்லாயிரம் குழந்தைகளின் அன்றாடத்தை மாற்றக்கூடிய திட்டங்களை வகுக்கும் வேலையும் உண்டு. இவற்றில் எதுவும் மற்றொன்றைவிட மேலானது இல்லை. வகுப்பறையை விட்டு விலகிப்போவதையே "முன்னேற்றம்" என்று கருதும் பழக்கம் நம் துறைக்குப் பெருந்தீங்கு செய்திருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். மிகத் தேர்ந்தவர்களை மிகச் சின்னஞ்சிறு குழந்தைகளிடமிருந்து பிரித்தெடுத்து அலுவலகத்தில் உட்காரவைக்கும் ஏற்பாடாகவே அது முடிகிறது.

துறையின் எல்லை பலர் நினைப்பதைவிட அகலமானது. ஐக்கிய நாடுகள் அவையின் குழந்தை உரிமைகள் குழு 2005ஆம் ஆண்டில் வெளியிட்ட ஏழாம் பொதுக் கருத்துரை, பிறப்பு முதல் எட்டு வயது வரையிலான காலத்தை இளங்குழந்தைப் பருவமாகக் கொள்ளலாம் என்று முன்வைத்தது. அப்படிப் பார்த்தால் கைக்குழந்தைகள் இருக்கும் காப்பகமும் தொடக்கப் பள்ளியின் முதல் இரண்டு வகுப்புகளும் நம் துறைக்குள்தான் வருகின்றன. ஒரே பயிற்சியின் அடித்தளத்தில் நின்று, ஆறு மாதக் குழந்தையோடும் ஏழு வயதுச் சிறுமியோடும் பணிபுரிய இயலும். எந்த வயதினரோடு இருக்கும்போது உங்களுக்குப் பொறுமை இயல்பாக வருகிறது என்பதைப் பயிற்சிக் காலத்திலேயே கவனித்துவைத்துக்கொள்வது நல்லது.

கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது கல்வியா, வெறும் பராமரிப்பா என்ற கேள்வி இன்னும் எழுகிறது. இதற்கு எம்மி பிக்லர் என்ற குழந்தை மருத்துவர் தம் பணியாலேயே விடை சொன்னார். 1946இல் புடாபெஸ்ட் நகரின் லோட்சி தெருவில் பெற்றோரற்ற குழந்தைகளுக்காக அவர் ஓர் இல்லத்தைத் தொடங்கினார். உடை மாற்றுவது, குளிப்பாட்டுவது, ஊட்டுவது ஆகிய நேரங்களைத்தான் அங்கே குழந்தையோடு உறவு கொள்வதற்கான முதன்மையான நேரங்களாக வைத்திருந்தார்கள். அந்த வழியில் பயின்ற ஒருவர் உடை மாற்றுவதை அருகிலிருந்து பார்த்தால் வேறுபாடு புரியும். "இப்போது உன் கையை இந்தச் சட்டைக்குள் விடப்போகிறோம்" என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டு, சட்டையின் கையைச் சுருட்டிப் பிடித்தபடி அவர் காத்திருப்பார். சில நொடிகள் எதுவும் நடக்காது. பிறகு குழந்தையே தன் கையை மெல்ல நீட்டும். தன் உடலுக்கு நேர்வதில் தனக்கும் பங்கு உண்டு என்பதை அக்குழந்தை கற்றுக்கொள்ளும் இடம் அது. இப்படிக் காத்திருக்க வேண்டுமானால் ஒருவர் கையில் நிறையக் குழந்தைகள் இருக்கக்கூடாது. அமெரிக்காவின் தேசிய இளங்குழந்தைக் கல்விச் சங்கம், அதாவது என்.ஏ.இ.ஒய்.சி., தான் தரச்சான்று வழங்கும் மையங்களில் கைக்குழந்தைகள் பிரிவுக்கு ஒரு பெரியவருக்கு நான்கு குழந்தைகள், ஒரு குழுவுக்கு எட்டுக் குழந்தைகள் என்ற வரம்பை வைத்திருப்பதற்குக் காரணம் பாதுகாப்பு மட்டும் இல்லை.

மூன்று முதல் ஆறு வயது வரையிலான பிரிவில் ஆசிரியரின் வேலை வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு எளிதாகத் தோன்றும். ஒரு குழந்தை அகலமான கிண்ணத்திலிருந்து ஒடுங்கிய குவளைக்குத் தண்ணீரை ஊற்றுகிறது, வழிந்துவிடுகிறது, மீண்டும் கிண்ணத்தை நிரப்பி ஊற்றுகிறது. பார்வையாளருக்கு அது விளையாட்டு. ஆசிரியரோ பக்கத்தில் உட்கார்ந்து தம் குறிப்பேட்டில், "நான்காவது முறை குவளை நிரம்பும் முன்பே நிறுத்தினாள், நீர்மட்டத்தைப் பார்க்கக் குனிந்தாள், 'இது சின்னதா இருக்கு, ஆனா உசரமா இருக்கு' என்றாள்" என்று எழுதிக்கொள்கிறார். மறுநாள் அந்த மேசையில் வெவ்வேறு வடிவங்கள் கொண்ட மூன்று குவளைகள் இருக்கும். உற்றுநோக்குவதும், அதைத் தீர்ப்புச் சொல்லாமல் பதிவுசெய்வதும், அப்பதிவிலிருந்து அடுத்த நாளைத் திட்டமிடுவதும்தான் இந்தத் தொழிலின் மையத் திறன். இதே திறனைத்தான் பின்னால் நான் சொல்லப்போகும் எல்லாப் பணிகளும் வெவ்வேறு தொலைவிலிருந்து பயன்படுத்துகின்றன. ஆகவே வேறு எந்தப் பாதைக்குப் போவதானாலும், தரையில் உட்காரும் இந்தக் காலத்தை அவசரமாகக் கடந்துவிட வேண்டாம்.

நுழைவதற்குப் பட்டம் கட்டாயமா என்று கேட்கிறார்கள். நாட்டுக்கு நாடு விதி மாறும். உதவி ஆசிரியராகத் தொடங்கி, வேலை பார்த்துக்கொண்டே தகுதியை உயர்த்திக்கொள்ளும் வழி பல நாடுகளில் இருக்கிறது. அமெரிக்காவில் 1975 முதல் வழங்கப்படும் சி.டி.ஏ. (குழந்தை வளர்ச்சித் துணையாளர்) சான்றிதழ் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 120 மணிநேரப் பயிற்சி, குழந்தைகளோடு 480 மணிநேர நேரடி அனுபவம், தம் பணியை ஆவணப்படுத்தும் தொகுப்பேடு, நேரில் வந்து பார்க்கும் வல்லுநரின் மதிப்பீடு, ஒரு தேர்வு ஆகியவற்றை முடித்தவர்களுக்கு அது கிடைக்கிறது; மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். கைக்குழந்தைகளுக்கு, பள்ளி முன்பருவத்தினருக்கு, தம் வீட்டிலேயே குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு, வீடு தேடிச் செல்லும் பணியாளர்களுக்கு எனத் தனித்தனிப் பிரிவுகள் அதில் உண்டு. ஒருவர் என்ன படித்திருக்கிறார் என்பதோடு குழந்தைகளிடையே எப்படி நடந்துகொள்கிறார் என்பதையும் நேரில் பார்த்தே தகுதியை முடிவுசெய்வது அதன் சிறப்பு. எந்த நாட்டில் எந்தச் சான்றிதழைத் தேடினாலும், வகுப்பறையில் உங்களை யாரேனும் உட்கார்ந்து கவனிக்கும் அங்கம் அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

குறிப்பிட்ட ஒரு கல்விமுறையைத் தேர்ந்துகொண்டு அதில் ஆழமாகப் போவது இன்னொரு பாதை. 1907இல் ரோம் நகரின் சான் லொரென்சோ குடியிருப்பில் தம் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்த மரியா மாண்டிசோரி, 1929இல் தொடங்கிய பன்னாட்டு மாண்டிசோரி சங்கம் இன்றும் வயதுப் பிரிவு வாரியாகப் பட்டயப் பயிற்சிகளை நடத்திவருகிறது. இத்தாலியின் ரெஜியோ எமிலியா நகரில் லோரிஸ் மலகுஸியின் வழிகாட்டுதலில் வளர்ந்த நகராட்சி மழலையர் பள்ளிகள் வேறொரு கதவைத் திறந்தன. ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு கலைக்கூடமும், கலைப் பின்புலம் கொண்ட ஒருவரும் இருக்க வேண்டும் என்று அங்கே முடிவுசெய்தார்கள். களிமண், கம்பி, நிழல், ஒளி ஆகியவற்றின் மூலம் குழந்தைகள் தம் எண்ணங்களை வெளிப்படுத்த உதவுவது அவருடைய வேலை. ஓவியமோ சிற்பமோ படித்துவிட்டுக் குழந்தைகளிடம் ஈர்ப்புள்ள இளைஞர்களுக்கு இப்படி ஒரு பணி இருப்பதே தெரிவதில்லை. தெரிய வேண்டும் என்பதற்காகவே சற்று நீட்டிச் சொல்கிறேன்.

குழந்தையிடமிருந்து ஓரடி தள்ளி, பெற்றோரின் அருகில் நின்று செய்யும் பணிகளுக்கு வருகிறேன். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் இப்சிலாண்டி என்ற ஊரில் 1962 முதல் 1967 வரை நடந்த பெர்ரி மழலையர் பள்ளி ஆய்வைப் பற்றி இத்துறையில் இருக்கும் எல்லோரும் கேள்விப்பட்டிருப்பார்கள். வறுமையில் வாழ்ந்த 123 குழந்தைகளை இரண்டு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மட்டும் தரமான மழலையர் கல்வி கொடுத்து, அவர்கள் நாற்பது வயதைத் தாண்டிய பிறகும் ஆய்வாளர்கள் பின்தொடர்ந்தார்கள். கல்வி பெற்ற குழுவினர் வேலையிலும் வருவாயிலும் மேம்பட்டிருந்ததும், குற்ற வழக்குகளில் குறைவாகவே சிக்கியிருந்ததும் பரவலாகப் பேசப்பட்டன. ஆனால் அந்த ஆசிரியர்கள் வாரந்தோறும் ஒவ்வொரு குழந்தையின் வீட்டுக்கும் போய் ஏறத்தாழ ஒன்றரை மணிநேரம் தாயோடும் குழந்தையோடும் இருந்தார்கள் என்பது அவ்வளவாகப் பேசப்படவில்லை. அந்தப் பங்கை விட்டுவிட்டு அந்த ஆய்வின் பயனை மட்டும் எடுத்துக்காட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. வீடு தேடிச் செல்லும் பணி இன்று பல நாடுகளில் தனித் தொழிலாகவே வளர்ந்திருக்கிறது.

வளர்ச்சியில் தாமதமோ குறைபாடோ உள்ள குழந்தைகளுக்கான ஆரம்பநிலை இடையீடும் இதோடு சேர்ந்ததுதான். இதில் பேச்சுப் பயிற்சியாளர், இயன்முறை மருத்துவர் ஆகியோரோடு இணைந்து செயல்பட வேண்டியிருக்கும். வாரத்தில் ஒரு மணிநேரம் வரும் வல்லுநரைவிட, நாள் முழுதும் உடனிருக்கும் குடும்பத்தாரே குழந்தைக்கு அதிக வாய்ப்புகளைத் தர முடியும் என்பதால், பயிற்சிகளைக் குளியல், சாப்பாடு, உடையுடுத்தல் போன்ற அன்றாடச் செயல்களுக்குள் எப்படிப் பொருத்துவது என்று பெற்றோருக்குக் காட்டித்தருவதே இப்பணியின் சாரம். மருத்துவமனைகளில் குழந்தைகளுக்கான விளையாட்டு வல்லுநராகப் பணியாற்றுகிறவர்களும் நம் துறையிலிருந்து போகிறார்கள். அறுவை சிகிச்சைக்கு முன்னால் ஒரு பொம்மையின் கையில் ஊசிக் குழாயைப் பொருத்திக் காட்டி, "இது உள்ளே போகும்போது ஒரு கிள்ளு கிள்ளினாற்போல் இருக்கும், பிறகு ஒட்டுத்துணி மட்டும்தான்" என்று பொய் கலக்காமல் சொல்லி, குழந்தையையே அந்தப் பொம்மைக்கு மருத்துவராக்குவது அவர்கள் செய்யும் வேலைகளில் ஒன்று.

இன்னும் சற்றுத் தள்ளி, ஆசிரியருக்கு அருகில் நிற்கும் பணிகள். மைய நிர்வாகி, பயிற்றுநர், வகுப்பறைக்கே வந்து உடனிருந்து வழிகாட்டுபவர், தர மதிப்பீட்டாளர், கல்லூரிப் பேராசிரியர் என்று இவை விரியும். நிர்வாகியாவதைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை: அது நல்ல ஆசிரியர்களுக்குப் பரிசாகக் கொடுக்கப்படும் பதவியாக இருந்துவருகிறது, ஆனால் அதற்கு வேண்டிய திறன்கள் வேறு. வரவுசெலவு, ஆள் தேர்வு, உரிம விதிகள், கோபத்தோடு வரும் பெற்றோர், திடீரென விடுப்பெடுக்கும் பணியாளருக்கு மாற்று என்று நாள் முழுதும் ஓடிவிடும். குழந்தைகளோடு இருப்பதற்காகவே இத்துறைக்கு வந்தவர் அங்கே வாடிப்போவதைப் பார்த்திருக்கிறேன். ஒழுங்கமைப்பதில் இன்பம் காணும் இன்னொருவர் அதே இருக்கையில் மலர்ந்ததையும் பார்த்திருக்கிறேன். ஆராய்ச்சி, பாடத்திட்ட வடிவமைப்பு, குழந்தைகளுக்கான நூல் பதிப்பு, அரசுத் திட்டங்கள், தொண்டு நிறுவனங்கள் ஆகியவை மிகத் தொலைவிலிருந்து செய்யப்படுபவை. இவற்றுக்கு முதுகலைப் பட்டமும் எழுத்துத் திறனும் பெரும்பாலும் தேவைப்படும்.

சம்பளத்தைப் பற்றிப் பேசாமல் கடந்துபோவது நேர்மையாக இருக்காது. உலகின் பெரும்பாலான இடங்களில், குழந்தையின் வயது குறையக் குறைய ஆசிரியரின் ஊதியமும் குறைகிறது. இந்த அநீதியைத் தனி ஆசிரியர் ஒருவர் தம் மையத்தில் பேசிச் சரிசெய்துவிட முடியாது. தொழில்முறை அமைப்புகளின் தேவையை நான் உணரத் தொடங்கியது இந்தப் புள்ளியிலிருந்துதான்.

மழலையர் ஆசிரியர்கள் பெரும்பாலும் தனியாகவே வேலை செய்கிறார்கள். ஒரு மையத்தில் மூவரோ நால்வரோ இருப்பார்கள். அவர்களுக்கும் ஒருவரோடொருவர் அமர்ந்து பேச நேரம் இருக்காது. இந்தத் தனிமையை உடைக்கவே அமைப்புகள் தோன்றின. கிண்டர்கார்ட்டன் முறையை உருவாக்கிய கல்வியாளர் பிரீட்ரிக் ஃபுரோபல் 1837இல் ஜெர்மனியின் பாட் பிளாங்கன்பர்க்கில் தொடங்கிய பணியால் ஊக்கம் பெற்றுப் பல நாடுகளில் கிண்டர்கார்ட்டன்கள் பரவிய பிறகு, 1892இல் அமெரிக்காவின் சரடோகா ஸ்பிரிங்ஸில் பன்னாட்டுக் கிண்டர்கார்ட்டன் ஒன்றியம் உருவானது. பெயர்கள் மாறினாலும் அந்த அமைப்பு இன்றுவரை தொடர்கிறது. பட்டி ஸ்மித் ஹில் என்ற கல்வியாளர் 1920களில் கூட்டிய வல்லுநர் குழுவிலிருந்து வளர்ந்ததுதான் 1964இல் இன்றைய பெயரைப் பெற்ற என்.ஏ.இ.ஒய்.சி. இரண்டாம் உலகப் போர் முடிந்து ஐரோப்பாவின் குழந்தைகள் இடிபாடுகளுக்கிடையே வளர்ந்துகொண்டிருந்தபோது, ஸ்வீடனின் ஆல்வா மிர்டால், பிரிட்டனின் ஆலன் சீமாட்டி முதலானோர் முன்னின்று 1948இல் பிராக் நகரில் ஓமெப் என்ற, மழலையர் கல்விக்கான உலக அமைப்பை நிறுவினார்கள். ஓமெப்பின் முதல் தலைவரான மிர்டாலுக்கு 1982இல் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது; ஆயுதக் குறைப்புக்காக உழைத்தவர் மழலையர் கல்விக்காகவும் உழைத்தார் என்பதை நான் மிகுந்த மதிப்போடு நினைத்துக்கொள்வேன். பல நாடுகளில் ஓமெப்புக்குத் தேசியக் குழுக்கள் உள்ளன. உங்கள் நாட்டில் இருக்கிறதா என்று தேடிப்பார்ப்பதிலிருந்து தொடங்கலாம்.

ஓர் அமைப்பு நமக்குத் தருவதில் மிகப் பெரியது எதுவென்று கேட்டால், தொழில் நெறிக் கோவை என்றே சொல்வேன். மாநாடுகளும் இதழ்களும் பயனுள்ளவைதாம். ஆனால் அன்றாடத்தில் நம்மைக் காப்பது நெறிக் கோவை. ஒரு சூழலை எடுத்துக்கொள்வோம். மதியம் நன்றாகத் தூங்கும் ஒரு நான்கு வயதுச் சிறுவன். அவன் இரவில் வெகுநேரம் விழித்திருப்பதால், விடியற்காலையில் வேலைக்குப் போக வேண்டிய தாய், "மதியம் தூங்கவிடாதீர்கள்" என்று கேட்கிறார். ஆசிரியர் என்ன செய்ய வேண்டும்? தாயின் களைப்பு உண்மையானது. குழந்தையின் தூக்கத் தேவையும் உண்மையானது. 1989இல் என்.ஏ.இ.ஒய்.சி. ஏற்றுக்கொண்ட நெறிக் கோவை, கட்டாயம் செய்தே ஆக வேண்டிய கடமைகளையும், இரு பக்கமும் நியாயம் இருக்கும் இக்கட்டுகளையும் பிரித்துப் பார்க்கக் கற்றுத்தருகிறது. குழந்தைகளுக்குத் தீங்கு செய்யக்கூடாது என்ற நெறி அதில் எல்லாவற்றுக்கும் மேலானது. அந்த நெறிக்கு உட்பட்டு, தூங்கும் நேரத்தைக் குறைத்துப் பார்ப்பதா, வீட்டில் படுக்கைக்குப் போகும் வழக்கத்தை மாற்ற உதவுவதா, முற்றிலும் தூங்கவிடாவிட்டால் குழந்தை எந்த நிலைக்குப் போகிறது என்ற பதிவுகளைத் தாயோடு சேர்ந்து பார்ப்பதா என்று ஆசிரியர் தேடலாம். அப்போது அவர் தம் சொந்த விருப்பத்தை முன்வைத்து வாதாடும் தனிமனிதராக இல்லாமல், தம் தொழிலின் பொது நெறியில் நின்று பேசுகிறவராக இருப்பார். அதே கோவை குடும்பங்களுக்கும் உடன் பணியாற்றுபவர்களுக்கும் சமூகத்துக்கும் நாம் செய்ய வேண்டியவற்றையும் தனித்தனிப் பகுதிகளாகச் சொல்கிறது. என் பொறுப்பில் பயிற்சி பெறுகிறவர்களை முதல் வாரத்திலேயே ஒரு நெறிக் கோவையை முழுதாக வாசிக்கச் சொல்கிறேன்.

எந்த அமைப்பில் சேர்வது என்பதும் அந்தத் தொலைவுக் கேள்வியோடு தொடர்புடையதுதான். கைக்குழந்தைகளோடும் அவர்கள் பெற்றோரோடும் பணிபுரிய விரும்புகிறவர்களுக்கு, 1977இல் தொடங்கப்பட்ட, மூன்று வயதுக்குட்பட்டோரின் மனநலத்திலும் வளர்ச்சியிலும் கவனம் செலுத்தும் ஜீரோ டு த்ரீ அமைப்பின் வெளியீடுகள் பெரிதும் உதவும். ஆரம்பநிலை இடையீட்டுக்குப் போகிறவர்கள், சிறப்புக் கல்விக்கான அமெரிக்கப் பேரமைப்பின் இளங்குழந்தைப் பிரிவு வெளியிட்டுள்ள பரிந்துரைக்கப்பட்ட நடைமுறைகளைப் படிக்கலாம். ஆஸ்திரேலியாவில் 1938 முதல் இயங்கிவரும் இளங்குழந்தைகள் அமைப்பு வகுப்பாசிரியருக்கும் கொள்கை வகுப்போருக்கும் பயன்படும் எழுத்துகளை வெளியிடுகிறது. கொள்கைப் பணியில் நாட்டம் உள்ளவர்கள் 2022 நவம்பரில் தாஷ்கண்டில் கூடிய யுனெஸ்கோ மாநாட்டின் பிரகடனத்தையும், 2030க்குள் எல்லாக் குழந்தைகளுக்கும் தரமான மழலையர் கல்வி கிடைக்க வேண்டும் என்று சொல்லும், ஐக்கிய நாடுகள் அவையின் நிலைத்த வளர்ச்சி இலக்குகளில் 4.2ஆம் இலக்கையும் அறிந்திருக்க வேண்டும்.

உலகப் பெயர் பெற்ற அமைப்புகள் ஒரு பக்கம் இருக்க, அருகில் இருக்கும் சிறிய ஆசிரியர் குழு ஒன்றில் சேர்வதையே நான் முதலில் பரிந்துரைப்பேன். மாதம் ஒருமுறை ஆளுக்கொரு உற்றுநோக்கல் குறிப்போடு வந்து உட்கார்ந்து பேசும் குழு கிடைத்தால், தொலைவில் நடக்கும் பெரிய மாநாட்டில் கிடைப்பதைவிட அதிகமாகக் கற்றுக்கொள்ள முடியும். உறுப்பினர் கட்டணம் கட்டுவதற்கு முன்னால் சிலவற்றை விசாரித்துக்கொள்ளுங்கள். மாணவர்களுக்குக் குறைந்த கட்டணம் இருக்கிறதா, உறுப்பினர் அல்லாதவர்களும் இலவசமாகப் படிக்கும்படி நிலைப்பாட்டு அறிக்கைகளை வெளியிடுகிறார்களா, ஊதியத்தைப் பற்றியும் ஓர் ஆசிரியருக்கு எத்தனை குழந்தைகள் என்பதைப் பற்றியும் அரசிடம் வெளிப்படையாகப் பேசியிருக்கிறார்களா என்று பாருங்கள். சான்றிதழ் விற்பதும் பொருட்காட்சி நடத்துவதும் மட்டுமே ஓர் அமைப்பின் வேலையாக இருந்தால் விலகிவிடலாம். அதன் ஆட்சிக்குழுப் பட்டியலையும் ஒருமுறை வாசித்துவிடுங்கள். பேராசிரியர்களுக்கும் நிர்வாகிகளுக்கும் நடுவே, இன்றும் காப்பகத்திலோ வகுப்பறையிலோ குழந்தைகளோடு வேலை பார்க்கும் ஆசிரியர் ஒருவராவது இருக்கிறாரா என்று தேடுங்கள்.